வீட்டிலேயே ஜெபிக்கலாமே, சர்ச்சுக்கு எதற்குப் போக வேண்டும்?

கேள்வி இதுதான்: கடவுள் எங்கும் இருக்கிறார் என்று கிறிஸ்தவர்களே சொல்கிறார்கள், பைபிள் ஃபோனில் இருக்கிறது, பாட்டும் பிரசங்கமும் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன, அப்படியிருக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துக் கிளம்பி நேரில் போய்க் கூடித்தான் ஆக வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்?

கடவுளுக்குப் பக்கத்தில் போவதற்காக அவர்கள் கூடுவதில்லை. கடவுள் சர்ச் கட்டடத்துக்குள் மட்டும்தான் இருக்கிறார் என்று எந்தச் சபையும் சொல்லிக்கொடுப்பதில்லை (கத்தோலிக்கர்கள், அர்ச்சித்த அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழையைப் பற்றிச் சொல்வது வேறு விஷயம், அதிலும் 'வேறெங்கும் இல்லை' என்கிற அர்த்தம் கிடையாது). கிறிஸ்தவர்களுக்குச் செய்யச் சொல்லியிருக்கிற காரியங்களில் பலவற்றைத் தனியாளாகச் செய்யவே முடியாது, அதுதான் காரணம். ஞானஸ்நானம் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது. ஒரே அப்பத்தைப் பிட்டுப் பகிர்வதற்கு இன்னொரு கை வேண்டும். ஒருவரையொருவர் மன்னியுங்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமங்கள், ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுங்கள் என்று புதிய ஏற்பாட்டு நிருபங்கள் முழுக்க 'ஒருவரையொருவர்' என்றே போகிறது. காதால் கேட்கவும் கண்ணால் பார்க்கவும் மட்டும் என்றால் ஃபோன் தாராளமாகப் போதும், ஆனால் அது வழிபாட்டில் ஒரு பகுதிதான்.

சரி, எதிர்க்கேள்வி கேட்பவர்களும் பைபிளிலிருந்துதான் கேட்கிறார்கள், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மத்தேயு 6-ம் அதிகாரத்தில் இயேசு, நீ ஜெபம்பண்ணும்போது அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்கிறார். யோவான் 4-ல் சமாரியப் பெண்ணிடம், இந்த மலையிலும் இல்லை, எருசலேமிலும் இல்லை, ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்ளும் காலம் வருகிறது என்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சர்ச்சே வேண்டாம் என்றுதான் தோன்றும். ஆனால் முதலாவது, தெருமுனையில் நின்று ஊர் பார்க்க ஜெபிக்கிறவர்களுக்குச் சொன்னது. அதைச் சொன்ன அதே இயேசு, வழக்கத்தின்படியே ஓய்வுநாளில் ஜெபஆலயத்துக்குப் போனார் என்று லூக்கா 4-ல் இருக்கிறது. இரண்டாவது, எந்த இடம் புனிதம் என்ற சண்டைக்குப் பதில். இடம் முக்கியமில்லை என்பதால் ஆட்களும் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. சொல்லப்போனால் இடத்தின் புனிதம் குறையக் குறைய, கூடுகிற ஆட்களின் முக்கியத்துவம் கூடத்தான் செய்கிறது.

முதல் கிறிஸ்தவர்கள் யூதர்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். யூத மரபில் சில பொது ஜெபங்களைச் சொல்ல வளர்ந்த ஆண்கள் பத்துப் பேர் சேர வேண்டும், ஒன்பது பேர் இருந்தால் பத்தாவது ஆளைத் தேடிப் போவார்கள். 'இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்' என்று இயேசு சொன்னதை (மத்தேயு 18) அந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம்: எண்ணிக்கை குறைந்திருக்கிறது, ஆனால் ஒன்றாகக் குறையவில்லை. அந்த வசனத்தை 'ரெண்டு பேர் போதும், சபை வேண்டாம்' என்று வாட்ஸ்அப்பில் போடுகிறவர்கள் அதற்கு முந்தின வசனங்களையும் படித்தால் நல்லது. குற்றம் செய்த சகோதரனைத் தனியே போய்ப் பார், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ, அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வாக்கியம் வருகிறது. சண்டையைத் தீர்த்துக்கொள்வதைப் பற்றிய பகுதி அது!

இங்கிலாந்துச் சபையின் 1662 ஜெபப் புத்தகத்திலும் இதே எண்ணம் ஒரு விதியாகவே இருக்கிறது. திருவிருந்தில் (அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் வழிபாட்டில்) ஆயரோடு சேர்ந்து பங்கெடுக்க ஆட்கள் வேண்டும். பங்கெடுக்கத் தகுந்தவர்கள் இருபது பேருக்கு மேல் இல்லாத சின்னச் சபையானாலும், நான்கு பேராவது, மிகக் குறைந்தது மூன்று பேராவது இல்லாமல் திருவிருந்து நடத்தக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 906-ம் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது: நியாயமான காரணம் இல்லாமல், விசுவாசி ஒருவராவது கலந்துகொள்ளாமல் குரு திருப்பலி (திருவிருந்துக்குக் கத்தோலிக்கர் சொல்லும் பெயர்) நிறைவேற்றக் கூடாது.

இனி ஆரம்ப நூற்றாண்டுகளில் கூடி என்னதான் செய்தார்கள் என்று பார்ப்போம், ஏனென்றால் அங்கேதான் உண்மையான பதில் இருக்கிறது. கி.பி. 112 வாக்கில் பித்தினியா பகுதியின் (இன்றைய துருக்கியின் வடபகுதி) ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை, விசாரித்துப் பார்த்தேன் என்கிறார். விசாரணையில் தெரிந்தது இவ்வளவுதான்: குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணி மாறிமாறிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள், கலைந்து போய் மறுபடி சேர்ந்து சாதாரண உணவு சாப்பிடுகிறார்கள். இதற்கு மேல் ஏதாவது இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்திருக்கிறார், மூடநம்பிக்கையைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவரே எழுதுகிறார். சங்கங்கள் கூடக் கூடாது என்று தடை போட்ட பிறகு, அந்தச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்களாம். 'விடியுமுன்' என்பதைக் கவனியுங்கள். ஞாயிறு அப்போது விடுமுறை இல்லை. பேரரசர் கான்ஸ்டன்டைன் 321-ல் சட்டம் போட்ட பிறகுதான் ரோமப் பேரரசில் அது ஓய்வு நாளானது. அதுவரை வேலைக்குப் போகுமுன்னோ வேலை முடிந்த ராத்திரியிலோதான் கூட முடியும். துரோவா என்ற ஊரில் அப்போஸ்தலன் பவுல் நடுராத்திரிவரை பிரசங்கம் பண்ண, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்த கதை அப்போஸ்தலர் 20-ல் இருக்கிறது. நீளப் பிரசங்கத்தில் தூங்கி வழிவது இரண்டாயிரம் வருடப் பாரம்பரியம், யாரும் வெட்கப்பட வேண்டாம்.

நாள்கூட ஓரளவு இரண்டாம்பட்சம்தான். வளைகுடா நாடுகளில் வேலை செய்கிற நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், பல சர்ச்சுகளில் வெள்ளிக்கிழமை ஆராதனைக்குத்தான் கூட்டம், ஏனென்றால் பெரும்பாலான நாடுகளில் அன்றைக்கு லீவு.

பிளினியின் கடிதம் வெளியிலிருந்து எழுதியது. உள்ளேயிருந்து எழுதியவர் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், 155 வாக்கில், ரோமில், பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில். அவர் சொல்வது இது: ஞாயிறு என்று சொல்லப்படும் நாளில் நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருக்கிற எல்லாரும் ஒரே இடத்தில் கூடுகிறோம். நேரம் இருக்கும்வரை அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ வாசிக்கப்படும். தலைமை தாங்குகிறவர் புத்தி சொல்வார். எல்லாரும் எழுந்து நின்று ஜெபிப்போம். அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படும், அவர் நன்றி செலுத்துவார், ஜனங்கள் ஆமென் என்பார்கள், பகிர்ந்துகொள்வோம், வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வசதியுள்ளவர்கள் விரும்பினதைக் கொடுப்பார்கள், அந்தப் பணம் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் ஆகியோருக்குப் போகும். இன்றைக்குப் பாளையங்கோட்டையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு ஆராதனைக்குப் போனாலும் இதே வரிசைதான்: வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், திருவிருந்து, காணிக்கை. திருவிருந்து வாராவாரமா மாதமொருமுறையா என்பது சபைக்குச் சபை மாறும்.

இதில் 'வாசிக்கப்படும்' என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புத்தகங்கள் கையால் எழுதப்பட்ட காலம், பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பவுலின் நிருபங்கள் கூட்டத்தில் உரக்க வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டவை. தனியாக அமர்ந்து பைபிள் படிப்பது அச்சு இயந்திரம் வந்தபிறகுதான் சாதாரண மனிதருக்குச் சாத்தியமானது. ஆகவே 'வீட்டில் பைபிள் படித்தால் போதாதா' என்பது கிறிஸ்தவ வரலாற்றில் ரொம்பப் பிந்திய கேள்வி.

அடுத்து, கூடுவதைத் தடை செய்தபோது என்ன நடந்தது என்பது. 303-ல் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் ஆணை வந்தது: வேதபுத்தகங்களை ஒப்படைக்க வேண்டும், கூடக் கூடாது. 304-ல் வட ஆப்பிரிக்காவில் (இன்றைய துனீசியா) அபிட்டினா என்ற ஊரில் ஒரு வீட்டில் கூடியிருந்த கிறிஸ்தவர்களைப் பிடித்தார்கள்; மொத்தம் 49 பேர் கார்த்தேஜுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுடைய பிஷப்பே ஏற்கெனவே பயந்து வேதபுத்தகங்களை ஒப்படைத்துவிட்டார், ஆனாலும் சபை கூடியது. எமெரிட்டஸ் என்பவரிடம் உன் வீட்டில் ஏன் அனுமதித்தாய் என்று கேட்கிறார்கள். அவர்கள் என் சகோதரர்கள், தடுக்க முடியாது என்கிறார். தடுத்திருக்க வேண்டும் என்று நீதிபதி சொல்ல, முடியாது, ஆண்டவருடைய நாளின் கூடுகை இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்கிறார். இன்னொருவரிடம் நீதிபதி கேட்டதாகப் பதிவாகியிருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நீ கிறிஸ்தவனா என்று நான் கேட்கவில்லை, கூட்டத்தில் கலந்துகொண்டாயா என்றே கேட்கிறேன்.

வீட்டுக்குள் தனியாக நம்புகிற ஆளைப் பற்றி அரசுகள் பெரும்பாலும் அதிகம் கவலைப்படுவதில்லை. இங்கிலாந்தில் 1664-ல் போட்ட சட்டமும் அதையேதான் செய்தது: அரசுச் சபைக்கு வெளியே வழிபாட்டுக்காக, ஒரு குடும்பத்தார் போக ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடினால் குற்றம். அரசுச் சபைக்கு வெளியே இருந்த குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்குத் திருவிருந்தும் கிடையாது, ஞானஸ்நானமும் கிடையாது, பெரும்பாலும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். மௌனமாக உட்கார வீடு போதாதா? ஆனாலும் அவர்கள் ஒளிந்துகொள்ளாமல் பகிரங்கமாகவே கூடி, ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். ஜப்பானில் 1614 தடைக்குப் பிறகு குருக்களே இல்லாமல் இரண்டரை நூற்றாண்டு கிறிஸ்தவக் கிராமங்கள் மறைவாகத் தாக்குப்பிடித்ததற்கும் ஒன்றாகச் சேர்ந்து இருந்ததுதான் காரணம். நாள்காட்டியைப் பார்த்துத் திருநாள்களைச் சொல்ல ஒருவர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர் என்று ஊருக்குள்ளேயே பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டார்கள். 1865-ல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஊரா தேவாலயத்துக்கு உராகாமி கிராமத்தார் வந்து, எங்கள் இதயமும் உங்கள் இதயமும் ஒன்றுதான் என்று பிரெஞ்சு குருவிடம் மெல்லச் சொன்னபோதுதான் வெளியுலகுக்கே தெரிந்தது. ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக ரகசியமாக நம்பியிருந்தால் இரண்டாம் தலைமுறையிலேயே முடிந்திருக்கும்.

மனிதர்களே வேண்டாம் என்று பாலைவனத்துக்கு ஓடிய துறவிகள் இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள். நான்காம் நூற்றாண்டு எகிப்தில் நித்ரியா, ஸ்கேத்திஸ் பகுதிகளில் குகையிலும் குடிசையிலும் தனித்தனியாக வாழ்ந்தவர்கள், சனி ஞாயிறில் மட்டும் சர்ச்சுக்கு வந்து சேர்ந்து திருவிருந்து எடுத்துச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதே நூற்றாண்டில் செசரியா பிஷப் பசிலியு இன்னும் ஒரு படி மேலே போனார். தனியாக வாழ்கிற துறவியைப் பார்த்து அவர் கேட்டது: நீ யாருடைய கால்களைக் கழுவுவாய்? கூட யாருமே இல்லாமல் எப்படிக் கடைசியாளாய் இருப்பாய்? இந்தக் கேள்விக்கு இதுவரை நல்ல பதில் எதையும் நான் படித்ததில்லை. பொறுமை, தாழ்மை, மன்னிப்பு எல்லாம் தனியறையில் ரொம்பச் சுலபம்.

இதற்காகக் கூடுகிறதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பவுலே சொல்லவில்லை. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முன்கூட்டியே தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் குடித்து வெறிக்க, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் கூடிவருவது நன்மையைவிடத் தீமைக்குத்தான் ஏதுவாகிறது, இது ஆண்டவருடைய விருந்தே இல்லை என்று எழுதினார். அவர் கண்டித்தது கூடாதவர்களை அல்ல, கூடியும் சேராதவர்களை.

நம் ஊரில் இதற்கு உதாரணம் தேட ரொம்பத் தூரம் போக வேண்டாம். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில் 1870-களில் கட்டப்பட்டபோது, இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு தனிக் கூடங்களாகப் பிரித்து, நடுவே தடுப்போடு கட்டினார்கள். 1910-ல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து, எங்களுக்குத் தனி இடம் உரிமை என்று வழக்குப் போட்டார்கள், 1917-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளும் சுத்தமில்லை. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் தனித்தனி இருக்கை, திருவிருந்துப் பாத்திரத்தில் குடிப்பதில் முன்னுரிமை என்று இருந்ததை 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரேயடியாக நிறுத்தச் சொன்னபோது, பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். தனி இடமும் தனி வரிசையும் கேட்டு இவ்வளவு சண்டை போட்டார்கள் என்றால், பக்கத்தில் உட்கார்வதும் ஒரே பாத்திரத்தில் குடிப்பதும் வெறும் சடங்கு இல்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்றுதான் அர்த்தம். இன்றும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்புகிறவர்களுக்கும் தெரியும். ஆன்லைனில் இந்தப் பிரச்சினையே வராது, யார் பக்கத்தில் யார் என்ற கேள்வி இல்லையே. அதனாலேயே அது குறைவானது என்பேன்.

2020-ல் என்ன ஆயிற்று என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். மார்ச் 25-ல் ஊரடங்கு, ஏப்ரல் 12 ஈஸ்டர், தமிழ்நாட்டில் பெரிய கோயில்களும் சர்ச்சுகளும் மசூதிகளும் திறக்கச் செப்டம்பர் 1 ஆயிற்று. மூடியது சரியான முடிவு, பக்கத்திலிருப்பவனுக்கு நோய் கொடுத்துவிட்டுக் கும்பிட முடியாது. ஆனால் அந்த மாதங்களில் எது திரையில் போனது, எது போகவில்லை என்று கவனித்தால் விஷயம் புரியும். பிரசங்கம் போனது, சில போதகர்களுக்கு முன்பைவிட அதிகக் கூட்டம். பாட்டு போகவில்லை: ஜூமில் எல்லாரும் சேர்ந்து ஒரு கீர்த்தனை பாடிப் பாருங்கள், குரல் போய்ச் சேர்வதில் உள்ள சின்னத் தாமதமே தாளத்தைக் கெடுத்துவிடும், கடைசியில் எல்லாரையும் மியூட் பண்ணிவிட்டு ஒருவர் மட்டும் பாட வேண்டியதுதான். காணிக்கை ஜிபேயில் போனது. கைகொடுத்துச் சமாதானம் சொல்வது, ஆராதனை முடிந்து வாசலில் நின்று 'என்ன, போன வாரம் ஆளைக் காணோம்' என்று கேட்பது, மூன்று மாத வாடகை பாக்கி என்று ஒருவர் முகத்தைப் பார்த்தே இன்னொருவர் கண்டுபிடிப்பது, இதெல்லாம் போகவில்லை. திருவிருந்தில்தான் பெரிய விவாதம். சில சபைகள், வீட்டில் ரொட்டியும் திராட்சைச் சாறும் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் திரையில் ஜெபிக்கிறோம் என்றன; கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸும் அதை ஏற்கவில்லை, பார்த்து மனதால் ஒன்றிக்கலாம், உண்பதாகாது என்றார்கள். தினமும் திருப்பலியை நேரலையில் நடத்திய போப் பிரான்சிஸே அந்த ஏப்ரலில், இது சுரங்கத்திலிருந்து வெளியே வருவதற்கான வழி, அங்கேயே தங்கிவிடுவதற்கு இல்லை என்கிற அர்த்தத்தில் எச்சரித்தார். இரண்டாம் யோவான் நிருபத்தை எழுதியவருக்கும் இதே எண்ணம்தான்: எழுத நிறைய இருக்கிறது, ஆனால் காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனதில்லை, வந்து முகமுகமாய்ப் பேசலாமென்று நம்பியிருக்கிறேன் என்று முடிக்கிறார். அன்றைய தொழில்நுட்பம் அது.

இதே வாதம் இன்னொரு பக்கமும் வெட்டும். சில ஆயிரம் பேர் உட்காரும் அரங்கில், யார் வந்தார் யார் வரவில்லை என்று ஒருவருக்கும் தெரியாமல், பெரிய எல்.இ.டி திரையில் பாஸ்டரைப் பார்த்துவிட்டுப் பார்க்கிங்கில் கார் எடுக்க முண்டியடிப்பதற்கும் வீட்டில் டிவி பார்ப்பதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உடல் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட சபைகளே இதை உணர்ந்துதான் வீட்டுக் கூட்டங்கள், செல் குழுக்கள் என்று சின்னதாகப் பிரித்துக்கொள்கின்றன.

சபையில் காயப்பட்டு விலகியவர்களிடம் எபிரெயர் 10:25-ஐத் தூக்கிக் காட்டுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'சபைகூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல' என்பதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு முந்தின வசனம், அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஒருவரையொருவர் ஏவிவிடுவதைப் பற்றியது. அந்த அன்பு ஒரு சபையில் கிடைக்காதபோது இன்னொரு சபைக்குப் போவது வசனத்தை மீறுவதாகாது.

கடைசியாக, வர முடியாதவர்கள். படுக்கையில் இருக்கிற முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், ஷிஃப்ட் வேலைக்காரர்கள். கத்தோலிக்கச் சபையில் ஞாயிறு திருப்பலி கடமைதான், ஆனால் நோய், குழந்தைப் பராமரிப்பு போன்ற காரணங்கள் இருந்தால் அந்தக் கடமை கட்டுப்படுத்தாது என்று அவர்களின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. அவர்களுக்கு நேரலை பெரிய உதவி, அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அத்தோடு விட்டுவிடவும் வேண்டாம். பல கத்தோலிக்கப் பங்குகளில் (உள்ளூர்ச் சபைகளில்) மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகிறார்கள், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆயர்களும் கேட்டால் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுப்பார்கள். ஜஸ்டின் காலத்து உதவிக்காரர்கள் செய்த அதே வேலைதான். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ பெயரும் முகவரியும் கொடுத்துவிடுங்கள், சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. ஆயரோடு சபையார் ரெண்டு பேரும் வந்து ஒரு பாட்டுப் பாடினால் இன்னும் நல்லது, அதையும் கேட்டுப் பாருங்கள்.